டீசல் வண்டிக்குச் சமையல் எண்ணெய் ஊற்றலாமா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக் கொண்டார். "சார், நீங்கள் ரயில்வேயில் டீசல் எஞ்சின் பார்த்தவர் என்று சொன்னார்கள். வடை பொரித்த எண்ணெயை வடிகட்டி டீசல் வேனில் ஊற்றினால் ஓடுமாமே, உண்மையா?" என்று கேட்டார். சமையல் கொட்டகையில் அடுக்கியிருந்த எண்ணெய் டின்களைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும்.

"ஓடும்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஆனால் ஊற்றாதீர்கள்" என்றேன். முகம் சுருங்கியது. காரணத்தைச் சொல்ல ஐந்து நிமிடம் போதவில்லை. பக்கத்தில் நின்ற இதழாசிரியர், "அதை அப்படியே எழுதிக் கொடுத்து விடுங்களேன்" என்றார். அதனால் வந்தது இந்தக் கட்டுரை.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, சர்வீஸில் பெரும்பகுதியை இட்டார்சி டீசல் ஷெட்டில் கழித்து, 2019-இல் ஓய்வு பெற்றுப் போபாலிலேயே தங்கி விட்டேன். பேராசிரியர்களைப் போல எழுத எனக்கு வராது. ஷெட்டுக்கு வரும் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதத்திலேயே சொல்கிறேன். இதில் நான் செய்த ஒரு தவறும் வருகிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

சமையல் எண்ணெயில் எஞ்சின் ஓடுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், பாரிஸில் 1858-இல் பிறந்த ஜெர்மானியர். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்று செய்த எஞ்சின்தான். எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். ஆப்பிரிக்காவில் இருந்த தன் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்ததால் அன்றைய பிரெஞ்சு அரசுக்கு இதில் அக்கறை இருந்தது.

டீசலும் பிற்காலத்தில் தாவர எண்ணெயில் நம்பிக்கை வைத்தார். பெட்ரோலியத்தைப் போல இதுவும் ஒரு நாள் முக்கியமாகலாம் என்று 1912-இல் எழுதினார். அடுத்த ஆண்டே, 1913 செப்டம்பரில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் காணாமல் போய் இறந்தார்.

நம் நாட்டிலும் இந்த முயற்சி பழையது. இரண்டாம் உலகப் போரின் போது டீசலுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், இந்தியத் தாவர எண்ணெய்களை டீசல் எஞ்சினில் ஓட்டிப் பார்த்து இந்திய விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரை 1942-இல் வெளிவந்தது. எழுதியவர்களில் ஒருவரான லால் சந்த் வர்மன், பிற்பாடு இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தை நடத்தியவர்.

இப்படி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம் ஏன் பெட்ரோல் பங்குக்கு வரவில்லை? எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பனி போல விழ வேண்டும்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடேறும். டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தக் கணத்தில் இன்ஜெக்டர் வழியாக எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றிக் கொள்ளும்.

முக்கியமான வார்த்தை பீய்ச்சுதல்தான். எரிபொருள் தாரையாக விழக் கூடாது. பனி போல விழ வேண்டும். எங்கள் ஷெட்டில் இன்ஜெக்டர்களைக் கழற்றி, கைப்பம்பு வைத்த சோதனை மேடையில் மாட்டிப் பார்ப்போம். நல்ல நாசில் 'கிர்ர்' என்று ஒலித்துக் கொண்டு புகை மாதிரி பீய்ச்சும். கெட்ட நாசிலின் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கி நிற்கும். அந்த ஒரு சொட்டுக்காகவே நாசிலை நிராகரித்து விடுவோம். சொட்டாக விழுவது முழுதாக எரியாது; எரியாதது கரியாகப் படியும்.

இப்போது சமையல் எண்ணெயைப் பாருங்கள். 40 டிகிரி வெப்பத்தில் டீசலை விட அது ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. டீசலுக்கென்று துளையிட்ட நாசிலில் அது பனியாகாது. பெரிய பெரிய சொட்டுகளாகத்தான் விழும். 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் நன்றாக இளகும். அப்போதும் டீசலை விடக் கெட்டிதான்.

கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. பழைய வீடுகளில் தொங்கிய உறியை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே ஒரு வளையம்; அதிலிருந்து மூன்று கயிறுகள். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் அப்படித்தான். வளையத்தின் இடத்தில் கிளிசரின். கயிறுகளின் இடத்தில் மூன்று கொழுப்பு அமிலங்கள். டீசலோ தனித்தனியாகக் கிடக்கும் கயிறுகள் மாதிரி. உறிகளைக் குவித்து வைத்தால் ஒன்றோடொன்று சிக்கும்; தனிக் கயிறுகள் வழுக்கிப் போகும்.

இன்னொரு குணமும் உண்டு. உங்கள் வீட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். இறக்கையில் மஞ்சளாக, சோப்புக்கும் மசியாத ஒரு பிசுக்கு இருக்கும். அது காற்றும் சூடும் பட்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கொண்ட எண்ணெய். மரச்சாமான்களுக்கு வார்னிஷில் சேர்க்கும் ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இதனால்தான். எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் இப்படிக் காய்வதில்லை. தேங்காய் எண்ணெய் அநேகமாகக் காயவே காயாது. பாமாயிலும் கடலை எண்ணெயும் மெதுவானவை. சூரியகாந்தியும் சோயாவும் விரைவாகப் பிசுக்காகும். டீசல் காலத்துக் கண்காட்சியில் ஓடியது கடலை எண்ணெய் என்பதை நினைவில் வையுங்கள். நாம் இருக்கும் மத்தியப் பிரதேசமோ சோயா விளையும் பூமி.

மெஸ்காரத் தம்பியின் வேன்

இனி என் கதைக்கு வருகிறேன்.

பிப்லானிப் பக்கத்தில் மெஸ் நடத்தி வந்த ஒரு கும்பகோணத்துக்காரர் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் தம்பி மாதிரி. சாப்பாடு கொண்டு போக 1998 மாடல் டீசல் வேன் ஒன்று வைத்திருந்தார். 2013 ஜனவரியில் டீசல் விலையை மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற அரசு அனுமதி கொடுத்தது. ஒவ்வொரு மாதமும் ஐம்பது காசு வரை ஏறியது. மெஸ்ஸில் சாப்பாட்டு விலையை அப்படி ஏற்ற முடியுமா?

இன்னொரு சங்கடமும் அவருக்கு இருந்தது. அப்பளம், வடை, பூரி பொரித்து மிஞ்சிய எண்ணெயை லிட்டர் 25 ரூபாய்க்கு ஒருவர் வந்து வாங்கிப் போவார். ஒரு நாள் கடைத்தெருவில் தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் தன் மெஸ்ஸின் டின்னையே பார்த்தார். கறுத்த அந்த எண்ணெயில் சமோசா பொரிந்து கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைகள் சுற்றி நின்றன. அன்றிரவே என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, இனிமே அந்த ஆளுக்கு விக்க எனக்கு மனசு வரல. கொட்டவும் மனசு வரல. வேன்ல ஊத்தி ஓட்ட முடியுமா?" என்றார்.

எனக்கும் ஆசை வந்து விட்டது. வேனின் எஞ்சினைப் பார்த்தேன். பழைய வகை. எரிபொருள் முதலில் ஒரு சிறிய முன்னறையில் பற்றி, பிறகு சிலிண்டருக்குள் வருவது. பம்பும் இன்லைன் வகை; அதன் அடிப்பாகத்துக்கு எஞ்சின் ஆயிலே மசகு. கெட்டியான எண்ணெயைத் தாங்கக் கூடிய எஞ்சின் உண்டென்றால் அது இந்த ரகம்தான்.

இரண்டு டாங்க் ஏற்பாடு செய்தோம். ஒன்றில் டீசல், மற்றதில் எண்ணெய். டீசலில் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடானதும் வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி டீசலுக்கு மாறிக் குழாயைக் கழுவி விட வேண்டும். ரேடியேட்டர் சுடுநீர் ஓடும் ஒரு செம்புச் சுருள் எண்ணெயைச் சூடாக்கும். பழைய போபாலில் பட்டறை வைத்திருந்த உஸ்தாத் ஒருவர் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தார். செலவு 6,500 ரூபாய்.

எண்ணெயைப் பதப்படுத்தவும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாரம் அசையாமல் வைத்து அடிவண்டலை விட்டு மேலே உள்ளதை எடுக்க வேண்டும். துணியில் வடிகட்டி, பிறகு மெல்லிய ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். நீர் இருக்கிறதா என்று பார்க்க நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வழியே போதும். காய்ந்த வாணலியில் ஒரு சொட்டு விட்டால் சடசடவென்று வெடிக்கக் கூடாது.

2013 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தது. வேன் போகும் தெருவெல்லாம் பஜ்ஜி வாசனை. இழுவையில் குறையில்லை. லிட்டருக்கு ஓடும் தூரம் டீசலை விட ஐந்து சதவீதம் போலக் குறைந்தது. எண்ணெயின் எரிசக்தி அந்த அளவு குறைவு என்பதால் அது எதிர்பார்த்ததுதான். முதல் மாதம் எஞ்சின் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து, ஷெட்டில் செய்வது போல உறிஞ்சும் தாளில் வைத்துப் பார்த்தேன். வட்டம் நன்றாகப் பரவியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷெட்டில் கூடச் சொல்லிக் கொண்டேன். பிறகு வேலை அதிகமாகி விட்டது; நான்கு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

தை மாதத்து விடியற்காலை

2014 ஜனவரிக் கடைசியில் சீஹோரில் ஒரு தமிழ்க் குடும்பத்துத் திருமணம். காலை முகூர்த்தம். முந்நூறு பேருக்கு இட்லி, பொங்கல், வடை, காப்பி நம் தம்பியின் பொறுப்பு. விடியற்காலை நாலரை மணிக்கு வேன் கிளம்பியது. நல்ல குளிர். பத்து கிலோமீட்டர் போனதும் வழக்கம் போல எண்ணெய்க்கு மாறினார். சிறிது தூரத்தில் எஞ்சின் திக்கியது. மறுபடி டீசலுக்கு மாறினார். அப்படியும் நின்று விட்டது.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் நின்று கொண்டு எனக்குப் போன் செய்தார். குரல் நடுங்கியது. நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? கடைசியில் வழியில் வந்த ஒரு பால் வண்டிக்காரர் இரக்கப்பட்டு அண்டாக்களை ஏற்றிக் கொண்டார். பலகாரம் போய்ச் சேர்ந்த போது மணி எட்டேகால். மாப்பிள்ளை வீட்டார் பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம். அதுதான் அதிகமாக வலித்தது என்று தம்பி சொன்னார். மீதிப் பணத்தை அவர் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உஸ்தாதின் பட்டறையில் வண்டியைப் பிரித்தோம். நின்றதற்குக் காரணம் உடனே தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம் ஜாங்கிரி பொரித்த வனஸ்பதியை மெஸ் பையன் ஒருவன் தெரியாமல் இதே டாங்கில் ஊற்றியிருக்கிறான். குளிரில் அது உறைந்து ஃபில்டரை அடைத்து விட்டது. டாங்க் இரண்டு வைத்த நான், சிக்கனம் பார்த்து ஃபில்டரை ஒன்றாக வைத்திருந்தேன். அதனால் டீசலுக்கும் வழியில்லை. சூடாக்கும் சுருளையும் இடவசதி பார்த்து ஃபில்டருக்குப் பின்னால் வைத்திருந்தோம். முன்னால் வைத்திருந்தால் வனஸ்பதி உருகியாவது போயிருக்கும். இவை இரண்டும் என் யோசனைகள்.

உஸ்தாத் அத்தோடு விடவில்லை. எஞ்சின் ஆயிலைத் திறந்து விட்டார். கேழ்வரகுக் களி போல மெதுவாக இறங்கியது. ஹெட்டைக் கழற்றினால், இன்ஜெக்டர் நுனிகளில் குளவிக்கூடு மாதிரிக் கரி. இரண்டு பிஸ்டன்களில் ரிங்குகள் பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தன. அன்று வனஸ்பதி நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதத்தில் எஞ்சினே பிடித்துக் கொண்டிருக்கும்.

"ஆறு மாசம் நல்லாத்தானே ஓடிச்சு அண்ணா?" என்று கேட்டார் தம்பி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். விடை எளிது. என் மனத்தில் இருந்தது ரயில் எஞ்சின். அது ஒரு முறை கிளம்பினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சூடாகவே ஓடும். தம்பியின் வேன் ஓடியது மெஸ்ஸிலிருந்து ஹாஸ்டலுக்கு நாலு கிலோமீட்டர், அங்கிருந்து ஆபீஸுக்கு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் முழுச் சூடு பிடிக்கு முன்பே நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் டீசலுக்கு மாறச் சாப்பாட்டு அவசரத்தில் யாருக்கு நினைவு வரும்? குளிர்ந்த சிலிண்டரில் எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் இறங்கியது. டீசல் அப்படி இறங்கினால் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போகும். சமையல் எண்ணெய் போகாது. தங்கி, எக்ஸாஸ்ட் ஃபேன் பிசுக்கு போலப் பின்னிக் கொள்ளும். அதுவும் சோயா எண்ணெய். போதாததற்கு, நான் போடச் சொன்ன செம்புச் சுருள். செம்பு பட்டால் எண்ணெய் இன்னும் விரைவாகக் கெடும் என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

நான் அன்று கற்றது இதுதான்: முதல் நாள் ஓடுவது எந்த எரிபொருளுக்கும் சான்று ஆகாது. மண்ணெண்ணெய் ஊற்றினாலும் முதல் நாள் ஓடும். எஞ்சின் தன் தீர்ப்பைச் சொல்ல நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். "நான் ஊற்றினேன், அருமையாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால், எத்தனை மாதம் ஆயிற்று, எஞ்சின் ஆயிலைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

தம்பியின் கணக்கையும் சொல்லி விடுகிறேன். ஏறக்குறைய 440 லிட்டர் எண்ணெய் ஓடியது. டீசல் செலவில் மிச்சம் சுமார் 24,000 ரூபாய். அந்த எண்ணெயை விற்றிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய 11,000 ரூபாயையும், டாங்க், சுருள் செலவு 6,500 ரூபாயையும் கழித்தால் நிகர மிச்சம் 6,500 ரூபாய். எஞ்சினைச் சரி செய்ய ஆன செலவு 41,000 ரூபாய். திருமணத்தில் விட்ட பணமும் பெயரும் தனி. பாதிச் செலவை நான் கொடுக்கப் போனேன். "நீங்க காசுக்காகவா செஞ்சீங்க?" என்று கையைப் பிடித்துத் தடுத்து விட்டார். அந்த வார்த்தை இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

கயிற்றை அறுத்தால் பயோடீசல்

அப்படியானால் தாவர எண்ணெய் எஞ்சினுக்கு ஆகவே ஆகாதா? ஆகும், உறியை அறுத்துக் கொடுத்தால் ஆகும்.

எண்ணெயோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலையும், காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரத்தையும் சேர்த்தால், மூன்று கயிறுகளும் வளையத்திலிருந்து பிரிந்து ஒவ்வொன்றும் தனியாகும். வளையமாகிய கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்கும் தனிக் கயிறுகள்தான் பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்கு 11 கிலோ அளவு மெத்தனால் போகும். ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். அதன் கெட்டித்தன்மை டீசலுக்குப் பக்கத்தில் வந்து விடும். இதுவும் பழைய வித்தைதான். 1937-இல் பெல்ஜியத்தில் ஷவான் என்ற பேராசிரியர் பாமாயிலை எத்தனாலோடு சேர்த்து இப்படி மாற்றக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையில் ஒரு பஸ்ஸே அதில் ஓடியது.

வீட்டில் செய்து பார்க்கத் துணிந்து விடாதீர்கள். மெத்தனால் கொடிய விஷம். உள்ளே போனால் கண் போகும், உயிரும் போகும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கூடக் கண்ணுக்குத் தெரியாது. காஸ்டிக் சோடா தோலை அரித்து விடும். தொழிற்சாலையில் முறையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

ரயில்வேயும் இதில் இறங்கியது. 2002 டிசம்பர் 31 அன்று டில்லியிலிருந்து அமிர்தசரஸ் போன சதாப்தி எக்ஸ்பிரஸ் 5 சதவீதம் பயோடீசல் கலந்து சோதனையாக ஓடியது. 2015-இல் ரயில்வே தன் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்கத் தொடங்கியது. கூட்டிக் கழித்துப் பார்த்து, தரம் சோதித்து, சிறிய அளவில் கலந்ததால் எஞ்சின்களுக்குத் தொல்லை வரவில்லை. நாங்கள் வேனில் செய்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எண்ணெய் எங்கிருந்து வரும் என்பது பெரிய கேள்வி. 2003-இல் திட்டக் கமிஷனின் குழு, ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நட்டு, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்று கணக்குப் போட்டது. தரிசு நிலத்தில் செடி முளைத்தது. காய்தான் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. தண்ணீரும் எருவும் இல்லாமல் எந்தச் செடிதான் வாரிக் கொடுக்கும்? 2018-இல் வந்த தேசியக் கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் என்று இலக்கைக் குறைத்துக் கொண்டது.

புது எண்ணெயை எரிப்பதும் நமக்குக் கட்டாது. நாடு ஓர் ஆண்டில் எரிக்கும் டீசல் ஏறத்தாழ 9 கோடி டன். நாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் எண்ணெய் இரண்டரைக் கோடி டன் அளவுதான். அதிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தாளிக்கவே இறக்குமதி செய்கிறவர்கள் வண்டிக்கு எங்கே போவது? ஆகவே நமக்கு மிஞ்சுவது பொரித்து மிஞ்சிய எண்ணெய் ஒன்றுதான்.

இன்றைய வண்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்

கை கழுவும் இடத்தில் என்னைக் கேட்ட இளைஞர் வைத்திருப்பது 2021 மாடல் வண்டி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கும் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி செய்தவை. இவற்றில் எரிபொருளைப் பீய்ச்சும் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். நாசில் துளை தலைமுடி அளவுதான். புகைக் கரியைப் பிடிக்கத் தனி ஃபில்டர் வேறு. பழைய வேன் ஆறு மாதம் தாங்கியதை இந்த எஞ்சின் சில வாரம் கூடத் தாங்காது. நான் விசாரித்த வரையில் இன்ஜெக்டர் பம்பு முழுதும் மாற்றினால் லட்சத்தைத் தொடும். உத்தரவாதமும் போய் விடும். பதிவுப் புத்தகத்தில் எழுதியதற்கு மாறாக எரிபொருளை மாற்றினால் போக்குவரத்துச் சட்டமும் குறுக்கே நிற்கும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் கேள்வி கேட்பார்கள்.

தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பயோடீசல் 7 சதவீதம் வரை சாதாரண டீசலிலேயே கலந்திருக்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பங்கில் போடுவதைப் போட்டால் போதும்.

மிஞ்சிய எண்ணெய் போக வேண்டிய இடம்

தம்பி மறுபடி அந்தப் பழைய ஆளுக்கு எண்ணெய் விற்கவில்லை. துணி சோப்புச் செய்யும் ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்து வந்தார். பிறகு அரசே வழி செய்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களை 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' என்று அளக்கிறார்கள். அது 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆலைக்கு அனுப்புவதே அதன் நோக்கம். நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெயில் பொரிக்கும் கடைகள் அதற்குக் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தம்பியின் மெஸ் அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் இப்போது மாதம் இரு முறை சேகரிப்பாளர் வந்து கேனை எடை போட்டு, ரசீது கொடுத்து, பணமும் கொடுத்து எடுத்துப் போகிறார். அந்த ரசீதுகளைத் தம்பி சாமி படத்துக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார்.

நம் குடும்பங்களுக்கும் சில வார்த்தை. தீபாவளிப் பலகாரம் செய்து மிஞ்சும் எண்ணெயைத் தொட்டியில் கொட்டாதீர்கள். சாக்கடைக் குழாயில் உறைந்து அடைக்கும். பல முறை பொரித்ததை மறுபடி வாணலிக்குக் கொண்டு வராதீர்கள். பழைய பாட்டிலில் ஊற்றி மூடி வையுங்கள். நம் சங்கத்தின் விழாக்களில் மட்டுமே எத்தனை டின் எண்ணெய் மிஞ்சுகிறது என்பது சமையல் குழுவினருக்குத் தெரியும். விழாவுக்கு விழா உறுப்பினர் வீட்டுப் பாட்டில்களையும் சேர்த்து ஒரே கேனாகச் சேகரிப்பாளரிடம் கொடுக்கச் செயற்குழு ஏற்பாடு செய்யலாம். தூக்கிப் போக நான் தயார்.

அந்த எண்ணெய் ஆலைக்குப் போய், உறி அறுந்து, பயோடீசலாகி, ஒரு நாள் உங்கள் வண்டியிலேயே டீசலோடு கலந்து ஓடக் கூடும். அப்போது பஜ்ஜி வாசனை வராது. எஞ்சினும் நிற்காது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தையின் சமோசாவிலும் அது இருக்காது. தம்பி 2013-இல் என் வீட்டுக்கு வந்து கேட்டதும் அதற்குத்தானே.